குழியில் இறங்கும் மனிதன் எந்தக் கருவிப் பட்டியலில் வருகிறான்?

பாதாளச் சாக்கடை பொங்கித் தெருவில் ஓடுகிறது. புகார் போகிறது. இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய லாரி வந்து தெருமுனையில் நிற்கிறது. அதற்கு மேல் உள்ளே வர முடியாது. தெருவின் அகலமே பத்து அடி, அதில் பாதியை பைக்குகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குழாயை இழுத்துப் பார்க்கிறார்கள்... எட்டவில்லை. இன்னொரு குழாயை ஒட்டுப்போட்டு எட்டவைக்கிறார்கள். மேலே நிற்கிற தண்ணீர் போகிறது, அடியில் இறுகிக் கிடக்கிற மண் அசையவில்லை. லாரி கிளம்பிவிடுகிறது. மறுநாள் விடிகாலை, தெரு விழிப்பதற்கு முன்பே ஒருவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்குகிறார். அரை மணி நேரத்தில் தண்ணீர் வடிகிறது.

"பார்த்தீங்களா, மெஷினால முடியாததை மனுஷன் செஞ்சுட்டான்!" என்று ஒருவர் சொல்வார். நான்கு பேர் தலையாட்டுவார்கள்.

அந்தத் தலையாட்டல்தான் இங்கே எதிரி. இயந்திரத்தால் முடியவில்லை என்பது பொய். அந்த வேலைக்குப் பொருந்தாத இயந்திரம் வந்து நின்றது என்பதே உண்மை. பொருந்தாத இயந்திரத்தை யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து தேர்வு செய்தார்கள். அப்படித் தேர்வு செய்ய அவர்களுக்குத் துணிச்சல் வந்ததற்கு ஒரே காரணம்தான். கொள்முதல் பட்டியலின் கடைசி வரியில், கண்ணுக்குத் தெரியாத மையில், "இது எதுவும் சரிப்படாவிட்டால் ஆள் இறங்குவான்" என்று எழுதியிருக்கிறது.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் மற்ற எல்லா வரிகளும் மாறும். மாறியே ஆக வேண்டும்.

"மெஷின் வாங்கியாச்சு" என்ற ஒற்றைப் பதில்:

சாவு விழும்போதெல்லாம் வருகிற பதில் இது. எந்த மெஷின்? எதற்கான மெஷின்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பேருந்து வாங்கியாச்சு என்று சொன்னால் எந்த ஊருக்கு என்று கேட்கிறவர்கள், சாக்கடை என்றதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

"சாக்கடை அடைப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, வீட்டின் செப்டிக் டேங்க். இரண்டு, தெருவுக்கு அடியில் ஓடுகிற பாதாளச் சாக்கடைக் குழாய். மூன்று, மழைநீர் வடிகால். செப்டிக் டேங்கில் அடியில் சேறு இறுகியிருக்கும். பாதாளச் சாக்கடையில் எண்ணெய்ப் பிசுக்கும், துணியும், நாப்கினும், கட்டட மணலும் சேர்ந்து குழாயை அடைத்திருக்கும். மழைநீர் வடிகாலில் வண்டலும் பிளாஸ்டிக்கும் நீளவாக்கில் படிந்திருக்கும். மூன்றுக்கும் ஒரே லாரியை அனுப்புவது, பல்வலிக்கும் எலும்பு முறிவுக்கும் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பது போலத்தான். மாத்திரை கேட்கவில்லை என்றால் நோயாளியைக் குறை சொல்லலாமா?

உறிஞ்சு லாரியால் எது முடியும், எது முடியாது:

உறிஞ்சும் பம்பு எதையும் "இழுப்பதில்லை". அது தொட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் கழிவுநீரைத் தொட்டிக்குள் தள்ளுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். காற்றழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ளும். அதுவும் முழு வெற்றிடம் இருந்தால். எந்தப் பம்பாலும் முழு வெற்றிடத்தை உண்டாக்க முடியாது என்பதாலும், குழாயின் உராய்வு இருப்பதாலும், களத்தில் 7 மீட்டர் தாண்டினாலே திணறல்தான். சேறு தண்ணீரை விடக் கனமானது, ஆகவே அதற்கு உயரம் இன்னும் குறையும். பணத்தைக் கொட்டி எவ்வளவு பெரிய லாரியை வாங்கினாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

அப்படியானால் ஆழமான குழியில் கனமான மண்ணை எடுப்பது எப்படி? அதற்கு வேறு வகை இருக்கிறது. வெற்றிடத்தின் அளவை விட, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதை முக்கியமாக வைத்துச் செய்யப்படும் புளோயர் வகை. குழாய் முனையைச் சேற்றில் முழுக்க அமிழ்த்தாமல் காற்றுக்கும் கொஞ்சம் வழிவிட்டுப் பிடித்தால், வேகமாக ஓடுகிற காற்றே மண்ணையும் சிறு கல்லையும் கட்டி கட்டியாகத் தூக்கிக்கொண்டு போகும். வீட்டில் தரை சுத்தம் செய்யும் வேக்குவம் கிளீனர் தூசியைத் தூக்குவதும் இதே மாதிரிதான். செப்டிக் டேங்கின் நீர்த்த கழிவுக்குச் சாதாரணப் பம்பு லாரி போதும். வடிகாலின் வண்டலுக்குக் காற்றோட்டம் அதிகமான வகை வேண்டும். இரண்டுக்கும் விலை வேறு, எரிபொருள் செலவும் வேறு. விலைப்புள்ளிப் படிவத்தில் தொட்டியின் கொள்ளளவை மட்டும் எழுதி, "5000 லிட்டர் லாரி ஒன்று" என்று கேட்டால் வருவது தொட்டிதான். வேலை வராது.

"நீளமான குழாய் போட்டுக்கலாமே?" என்பார்கள். போடலாம். தெருமுனையிலிருந்து ஐம்பது, அறுபது மீட்டர் குழாய் போட்டால் தண்ணீர் வரும். சேறு பாதி வழியிலேயே படுத்துவிடும். குழாயின் நீளம் கூடக் கூட உராய்வு கூடுகிறது, வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் மண் அங்கேயே தங்கிவிடுகிறது. அப்புறம் குழாயே ஒரு புதிய அடைப்பு!

அடைப்பை உடைப்பது வேறு, அள்ளுவது வேறு:

உறிஞ்சு லாரி, தன் குழாய் முனைக்கு வந்து சேர்வதைத்தான் அள்ளும். இரண்டு குழிகளுக்கு நடுவே, மண்ணுக்கு அடியில், குழாய்க்குள் இருக்கிற அடைப்பு தானாக நடந்து வராது. அதை உடைத்துக் கொண்டுவருவதற்குத்தான் ஜெட்ராடிங் இயந்திரம். ஒரு காரின் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். ஜெட்ராடிங் இயந்திரம் 100 பாருக்கும் மேலான அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகிறது. முனையில் இருக்கும் நாசிலின் பின்பக்கத் துளைகள் வழியாகப் பாயும் நீர், குழாயை முன்னால் தள்ளுகிறது. அதே நீர் மண்ணை அரித்துப் பின்னால் கொண்டுவருகிறது. முன்பக்கத் துளை உள்ள நாசில் அடைப்பைத் துளைக்கும். மரவேரை அறுக்கத் தனி நாசில் உண்டு.

இங்கேயும் தேர்வில் கோட்டை விடுவது வழக்கம். அழுத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. சிறிய குழாயில் அழுத்தம் வேலை செய்யும். பெரிய குழாயில் மண்ணை நகர்த்துவது தண்ணீரின் அளவுதான். அழுத்தம் அதிகம், தண்ணீர் குறைவு என்றால் மண்ணில் ஓர் ஓட்டை விழும். தண்ணீர் வடிந்துவிடும். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி அடைக்கும். பழைய குழாயில் கண்மண் தெரியாமல் அழுத்தம் கொடுத்தால் குழாயே உடையும். பிறகு அதைச் சரிசெய்யக் குழிதோண்ட வேண்டும்.

திசையும் முக்கியம். ஜெட் குழாயை ஓட்டத்தின் கீழ்ப்புறக் குழியிலிருந்து மேல்ப்புறம் நோக்கி விட வேண்டும். அப்போதுதான் கிளம்பிய மண் ஓட்டத்தோடு சேர்ந்து கீழ்க்குழிக்கு வரும். அங்கே உறிஞ்சு குழாய் காத்திருக்க வேண்டும். பொங்கி நிற்கிற குழியில் நின்றுகொண்டு, அதிலிருந்தே குத்திக்கொண்டிருப்பதைத்தான் பல இடங்களில் பார்க்க முடிகிறது. காரணம், பொங்குவது அங்கே என்பதால் வேலையும் அங்கே என்ற நினைப்பு. பயிற்சி இல்லாத ஆபரேட்டரின் கையில் கொடுத்த நல்ல இயந்திரமும் மோசமான இயந்திரம்தான். விலைப்புள்ளியில் பயிற்சிக்கு ஒரு வரி உண்டா? தேடிப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று தண்ணீர். ஜெட்ராடிங் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைக் குடிக்கும். கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும் ஊரில், சாக்கடை கழுவத் தண்ணீர் எங்கே? உறிஞ்சிய நீரையே வடிகட்டித் திரும்பப் பீய்ச்சும் இயந்திரங்கள் இருக்கின்றன. விலை அதிகம். ஆகவே சாதாரண வகையை வாங்குகிறார்கள். தண்ணீர் இல்லாத நாளில் அது நிற்கிறது. அது நிற்கிற நாளில் யார் இறங்குவார்? பட்டியலின் அந்தக் கடைசி வரிதான் மறுபடியும்.

ஆள் இறங்கி என்னதான் செய்கிறான்?

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். தெருக்களில் ஓடுகிற பெரும்பாலான பாதாளச் சாக்கடைக் குழாய்களின் விட்டம் 150 மில்லிமீட்டர், 200 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சிறியது. அந்தக் குழாய்க்குள் எந்த மனிதனும் நுழைய முடியாது.  அப்படியானால் இறங்குகிறவர் என்ன செய்கிறார்? குழியின் அடியில் நின்று, சேர்ந்திருக்கும் மண்ணையும் கல்லையும் வாளியில் அள்ளி மேலே அனுப்புகிறார். குழாயின் வாயில் கையை விட்டோ கழியை விட்டோ அடைப்பைக் குத்திவிடுகிறார். அவ்வளவுதான்!

அதாவது, அவர் செய்வதெல்லாம் ஒரு கை எட்டும் தூரத்து வேலை. இந்த வேலைக்கு விஞ்ஞானம் நிலவுக்குப் போன கதையெல்லாம் வேண்டியதில்லை. குழியில் சேர்ந்த மண்ணை அள்ள, கம்பியில் இறங்கி வாயைத் திறந்து மூடும் இரும்பு வாளி பொருத்திய தூர்வாரும் இயந்திரம் போதும். சின்ன வண்டியிலேயே பொருத்தலாம். குழாய் வாயைக் குத்த, வளைந்து கொடுக்கும் ராடும், அதைச் சுழற்றும் சிறிய மோட்டாரும் போதும். அடைப்பு எங்கே, என்ன என்று பார்க்க, குழாய்க்குள் ஓடும் கேமரா போதும். அது இல்லாத ஊரில் ஒரு கண்ணாடியும் டார்ச் விளக்கும் கூடப் பாதி வேலையைச் செய்யும். இவையெல்லாம் பெரிய லாரியின் விலையில் சிறு பங்குதான். ஆனால் இவற்றுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது. பச்சைக்கொடி காட்டிப் புகைப்படம் எடுக்க லாரிதான் எடுப்பாக இருக்கும்.

சந்து குறுகல் என்ற சாக்கு:

அடுத்த வாதம் இது. "எங்க ஊர் சந்துகளில் எந்த மெஷினும் நுழையாது, ஆள் இறங்கித்தான் ஆகணும்."

ஐதராபாத்தின் பழைய நகரத்துச் சந்துகள் அகலமானவையா? அங்கே 2017ல் குடிநீர் வாரியம் சின்ன வண்டிகளில் பொருத்திய 70 சிறிய ஜெட் இயந்திரங்களை இறக்கியது. தில்லியின் குடியிருப்புச் சந்துகள் அகலமானவையா? அங்கே 2019 பிப்ரவரியில் 200 சிறிய இயந்திரங்கள் வந்தன. இரண்டு ஊரிலும் வண்டிகளைப் பெரிய காண்ட்ராக்டர் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், தலித் தொழில்முனைவோருக்குத் தனித்தனியாகக் கொடுத்தார்கள். தில்லியில் சாக்கடையில் உயிரிழந்தவர்களின் குடும்பத்தினரும் அதில் இருந்தார்கள். 2024 டிசம்பரில் சென்னையிலும் தூய்மைப் பணியாளர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் தொழில்முனைவோராக்கும் திட்டத்தில் கழிவுநீர் அகற்றும் வாகனங்கள் வழங்கப்பட்டன. நல்ல விஷயம். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் தில்லி கற்றுக்கொடுக்கும் இன்னொரு பாடமும் இருக்கிறது. 200 வண்டிகள் வந்த பிறகும் அங்கே சாவு நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் முண்ட்கா பகுதிக் குடியிருப்பு ஒன்றில் சாக்கடையில் இறங்கிய தொழிலாளியும், அவரைக் காப்பாற்றப் போன காவலாளியும் இறந்தார்கள். ஊரில் இயந்திரம் இருப்பதும், அந்தக் குழியின் வாசலுக்கு அன்றைக்கு அது வந்து நிற்பதும் வேறு வேறு. எந்தச் சந்துக்கு எந்த வண்டி, எந்த எண்ணுக்கு அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வரும், அது பழுதானால் மாற்று எது... இதெல்லாம் எழுதி வைக்கப்படாத ஊரில் கடைசி வரி அப்படியே உயிரோடு இருக்கிறது.

ரோபோ மோகம்:

2018ல் திருவனந்தபுரத்தில் கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' ரோபோ வந்தது. குழியின் வாயில் நின்று, கால்களைப் பரப்பி, கையை உள்ளே இறக்கி மண்ணை அள்ளுகிறது. மேலே நிற்கிறவர் திரையில் பார்த்துக்கொண்டே இயக்கலாம். உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் இதையும் வேலை தெரிந்து வாங்க வேண்டும். அது குழிக்குள் இருப்பதை அள்ளும். இரண்டு குழிகளுக்கு நடுவே குழாய்க்குள் இருக்கும் அடைப்புக்கு ஜெட்தான் வேண்டும். ஊருக்கு ஒரு ரோபோவை வாங்கி வைத்துவிட்டு "இனி இந்த ஊரில் மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதில்லை" என்று பலகை எழுதுவது, தலைவலித் தைலத்தை வாங்கிவிட்டு ஆஸ்பத்திரி திறந்துவிட்டேன் என்பது போல.

பெயர் மாற்றும் வேலையும் நடந்தது. மேன்ஹோல் என்பதை "இயந்திர நுழைவாயில்" என்று எழுதத் தொடங்கினார்கள். நல்ல பெயர். பெயரை மாற்றியவர்கள் மூடியின் அளவை மாற்றினார்களா, அருகே வண்டி நிற்க இடம் விட்டார்களா, மேலே தார் போட்டு மூடிய குழிகளைத் தேடித் திறந்தார்களா என்பதுதான் கேள்வி.

பாதுகாப்புக் கவசம் கொடுத்தால் இறக்கலாமா?

இங்கேதான் சட்டத்துக்குள்ளேயே ஒரு பொந்து இருக்கிறது. 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம். 2013ன் சட்டம், சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் "ஆபத்தான முறையில்" சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் "ஆபத்தான முறை" என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம், பாதுகாப்புக் கவசமும் கருவியும் தராமல், முன்னெச்சரிக்கை இல்லாமல் இறக்குவது என்பது. உடனே மறுதரப்பு, கையுறையும் பூட்சும் கொடுத்தால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது!

இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அதைவிட இறுக்கமானவை. கவசத்தோடு கூட ஆளை இறக்கக் கூடாது என்பதே பொது விதி. இயந்திரத்தை இயக்க முடியாத இடத்தில் உடைந்த மூடியை அகற்றுவது, புதிய பெரிய குழாயைப் பழையதோடு இணைப்பது, குழியைத் திரும்பக் கட்டுவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. வேறு தவிர்க்கவே முடியாத காரணம் என்றால், உள்ளாட்சியின் தலைமை நிர்வாகி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதி தர வேண்டும். சாதாரண அடைப்பு அந்த விலக்குகளில் இல்லை. விடிகாலையில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் அப்படி ஒரு கடிதம் இருக்கிறதா? கேட்டால் "அவரா இறங்கினாரு சார்" என்ற பதில் வரும்.

வாயு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் கையுறைப் பேச்சு எவ்வளவு அபத்தம் என்று புரியும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். "நாத்தம் அடிச்சா மேலே வந்துடுவேன்" என்பது பழைய தொழிலாளர்களின் நம்பிக்கை. ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவு வந்தாலே மூக்கு மரத்துப்போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் கூடியிருக்கும். பத்து லட்சத்தில் 700, 1000 பங்கு என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். கூடவே மீத்தேன், ஆக்சிஜன் குறைவு. துணி முகமூடியும் தூசி முகமூடியும் இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொண்டுவரும்? தீக்குச்சி கொளுத்தி உள்ளே போட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் மோசம். மீத்தேன் இருந்தால் குழியே வெடிக்கும். நான்கு வாயுக்களை அளக்கும் கையடக்கக் கருவி இருக்கிறது. இயந்திரத்தோடு சேர்த்து அதையும் வாங்க வேண்டும். ஆளை இறக்குவதற்கு முன் அளக்க அல்ல. மேலே குனிந்து நிற்கிற ஆபரேட்டரின் உயிருக்காக.

ஒருவர் விழுந்தால் இரண்டாமவர் ஏன் இறங்குகிறார்? மனிதர் என்பதால். கோழிக்கோட்டில் 2015 நவம்பரில் இரண்டு தொழிலாளர்கள் குழிக்குள் சிக்கியபோது, அந்த வழியே போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் காப்பாற்ற இறங்கினார். மூவருமே திரும்பவில்லை. தவறான கருவித் தேர்வு, தேர்வில் சம்பந்தமே இல்லாத ஆட்டோக்காரரையும் கொல்லும்.

"விலை அதிகம்" என்பவர்களுக்கு:

ஆள் கூலி மலிவு என்பதுதான் எல்லா வாதத்துக்கும் அடியில் கிடக்கும் வண்டல். மலிவு யாருக்கு? 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில், சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதர்கள் சாக்கடையைச் சுத்தம் செய்வதை நிறுத்தச் சொன்னது. 30 லட்சத்துக்குச் சின்ன வண்டியில் பொருத்திய ஓர் இயந்திரம் வாங்கலாமே என்று கணக்குப் போடுவது எளிது. ஆனால் அந்தக் கணக்கே அசிங்கம். உயிருக்கு விலை போட்டுப் பார்த்து லாபம் என்றால்தான் இயந்திரம் வாங்குவோம் என்றால், நாளைக்கு உயிரின் விலை இறங்கினால் ஆளை இறக்குவார்களா?

உண்மை என்னவென்றால், கூலி மலிவாக இருப்பது தற்செயல் அல்ல. இறங்குகிறவர் எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும். குழிக்கு அருகே வந்து பெயர் கேட்க வேண்டிய அவசியம் கூட இல்லை. எல்லாச் சாதியிலிருந்தும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆள் எடுத்து இறக்குவது என்று ஒரு விதி இருந்திருந்தால், பொருத்தமான இயந்திரம் அடுத்த வாரமே வந்திருக்கும். 2017ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படம் மதுரையிலும் சென்னையிலும் காட்டியது இதைத்தான். தேசிய அளவில் சாக்கடைச் சாவுக் கணக்கெடுப்புகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்துவருகிறது. சமூக நீதி பேசும் மண்ணுக்கு இது பெருமையா?

"மெஷின் வந்தா அவங்க வேலை போயிடுமே" என்று அக்கறையாகக் கேட்பவர்களும் உண்டு. வேலை போகாது. ஜெட்ராடிங் வண்டியை ஓட்டவும், நாசில் மாற்றவும், கேமராவைப் படிக்கவும் ஆள் வேண்டும். எந்தக் குழி எங்கே போகிறது, எந்த மூலையில் மண் சேரும் என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்த அளவு வரைபடம் வைத்திருக்கும் பொறியாளருக்கும் தெரியாது. அவரையே ஆபரேட்டராக, உரிமையாளராக ஆக்குவதுதான் முறை. அதைவிட முக்கியமாக, இயந்திரத்தைத் தேர்வு செய்யும் மேஜையில் அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.

வீட்டுக்காரர்களும் தப்ப முடியாது:

எல்லாப் பழியையும் நகராட்சி மேல் போட்டுவிட்டுக் கை கழுவ முடியாது. செப்டிக் டேங்கில் நடக்கிற சாவுகளுக்குத் தனியார் வீடுகளும் அடுக்குமாடிகளும் ஓட்டல்களும்தான் பொறுப்பு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டிய தொட்டியைப் பத்து வருஷம் விட்டுவைக்கிறார்கள். அடியில் சேறு கல்லாகிறது. மேலே டைல்ஸ் போட்டு மூடியை மறைத்துவிடுகிறார்கள். பிறகு லாரி வருகிறது, தண்ணீரை மட்டும் எடுக்கிறது. "அடியில இருக்கறதையும் எடுத்துடுங்கப்பா, இன்னும் ஐநூறு சேர்த்துத் தர்றேன்" என்கிறார்கள். அந்த ஐநூறு ரூபாய்தான் ஆளை உள்ளே தள்ளுகிறது. இறுகிய சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சினால் எடுக்கலாம். கொஞ்சம் நேரமாகும். அவ்வளவுதான்.

அடுத்த முறை லாரிக்கு போன் செய்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. சேறு இறுகியிருந்தால் கரைப்பதற்கு ஜெட் வசதி வண்டியில் இருக்கிறதா?
2. குழாயின் நீளம் எவ்வளவு, வண்டி எங்கே நிற்கும்?
3. வாயு அளக்கும் கருவி இருக்கிறதா?
4. எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? சுத்திகரிப்பு நிலையமா, பக்கத்து ஏரியா?
5. எந்த நிலையிலும் ஆள் இறங்க மாட்டார் என்று எழுதித் தருவார்களா?

ஐந்தாவது கேள்விக்குத் தயங்குகிறவரை அனுப்பிவிட வேண்டும். நாற்றத்தோடு இன்னொரு நாள் இருக்கலாம். யாரும் சாக மாட்டார்கள்.

மழைக்காலத்துக்கு முன்பு வடிகாலில் இடுப்பளவு சேற்றில் நின்று மண் அள்ளுகிறவர்களைப் பார்த்தால், அது வெறும் மழைநீர் வடிகால்தானே என்று கடந்து போகக் கூடாது. திருட்டுத்தனமாகச் சாக்கடை இணைப்பு கொடுக்காத வடிகால் எத்தனை இருக்கிறது? அதே வாயு அங்கேயும் இருக்கும். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைக்கிறார்கள். முதல் மழையில் அது மறுபடி உள்ளே போகிறது. அள்ளும் கருவியைத் தேர்வு செய்யும்போதே ஏற்றிப் போகும் வண்டியையும் சேர்த்துத் தேர்வு செய்யாததன் விளைவு இது.

கடைசியாக ஒன்று. எந்த நகராட்சியிலும், எந்த அடுக்குமாடிச் சங்கத்திலும், இயந்திரம் தேர்வு செய்வதற்கு முன்பு ஒரு தீர்மானம் போடட்டும்: "எந்த இயந்திரமும் வேலை செய்யாவிட்டால் அடைப்பு அப்படியே இருக்கும், ஆள் இறங்க மாட்டார்." சாக்கடை தெருவில் ஓடட்டும். ஆணையரின் வீட்டு வாசலிலும் சங்கத் தலைவரின் கார் நிற்கும் இடத்திலும் ஓடட்டும். மூன்றாவது நாள் பாருங்கள்... சந்தில் நுழையும் வண்டி, சரியான நாசில், நீளம் போதுமான குழாய், பயிற்சி பெற்ற ஆபரேட்டர், எல்லாம் எங்கிருந்தோ வந்துவிடும்!